அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் ஆங்கிலச் சொற்கள்: உறவையும் அயலையும் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒப்பந்த வேலைகள் எடுக்கத் தொடங்கியிருந்த ஓர் இளைஞர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டெண்டர் அறிவிப்பை என்னிடம் கொண்டுவந்தார். அதில் ‘எர்னெஸ்ட் மணி’ என்று இருந்ததைக் கைப்பேசியில் தேடியபோது ‘மனப்பூர்வமான, ஊக்கமுள்ள’ என்று பொருள் வந்திருக்கிறது. “மனப்பூர்வமான பணம் என்றால் எந்தப் பணம் சார்?” என்று கேட்டார். அச்சு அகராதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். எர்னெஸ்ட் என்ற தலைச்சொல் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை நின்றது. முதலாவது பழைய ஆங்கிலச் சொல். மனப்பூர்வம் என்ற பொருள் அதற்குரியது. இரண்டாவது இலத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சின் வழியாக வந்தது. அதன் பொருள் அச்சாரம். எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்தாலும் பிறப்பால் அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். அச்சாரம் என்று கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

அன்று அவர் தேடிய சொல்லுக்கு ஒரு வரி கீழேதான் விடை இருந்தது. ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விரும்புகிறவர்கள் ஒரு சொல்லைத் தேடி எடுத்தவுடன் அகராதியை மூடிவிடக் கூடாது, அதன் மேலும் கீழும் உள்ள சொற்களையும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். ஆனால் அக்கம்பக்கத்துச் சொற்களை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு முறை உண்டு. முறையில்லாமல் பார்த்தால் தெளிவுக்குப் பதிலாகக் குழப்பமே மிஞ்சும்.

படி 1: அகரவரிசை எதைச் சொல்கிறது என்பதை அறிதல்

தமிழின் பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று தொகுதி தொகுதியாக அமைந்த அந்நூல்களில் யானை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் களிறு, வேழம் என்று யானையின் மற்றப் பெயர்களே நிற்கும். 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. அகரத்தை ஆதியாகக் கொண்டது என்பதே அகராதி என்ற சொல்லுக்குப் பொருள். ஆங்கிலத்திலும் இந்த வரிசை ஒரு காலத்தில் புதியதாகவே இருந்தது. 1604இல் ஏறத்தாழ 2,500 சொற்களைக் கொண்ட சிறு அகராதியை வெளியிட்ட ராபர்ட் காட்ரே, எழுத்துகளின் வரிசையைப் பார்க்காமல் சொல்லுமளவுக்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்றும், ஏ என்ற எழுத்தில் தொடங்கும் சொல்லைப் புத்தகத்தின் தொடக்கத்தில் தேட வேண்டும் என்றும் தம் முன்னுரையில் வாசகர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

ஆகவே, இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது எழுத்துகளின் கணக்கே தவிர பொருளின் கணக்கு அன்று. இருந்தும் உறவுள்ள சொற்கள் பலமுறை அருகருகே வந்துவிடுகின்றன. ஆங்கிலம் கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் முன்னொட்டுகளோடு சேர்த்தே ஆயிரக்கணக்கான சொற்களை எடுத்துக்கொண்டதால், ஒரே முன்னொட்டுள்ள சொற்கள் இயல்பாகவே ஒரே பக்கத்தில் கூடுகின்றன. அவற்றுக்கு நடுவே எந்த உறவும் இல்லாத சொற்கள் எழுத்து ஒற்றுமையால் மட்டுமே வந்து குடியிருக்கும். மூன்றாவதாக, ஓரெழுத்து மட்டுமே மாறி, முகம் ஒன்றுபோல் இருந்து பொருள் மாறும் இரட்டையர் உண்டு. உறவினர், அயலார், இரட்டையர் என்ற இந்த மூன்று பிரிவுகளும் மனத்தில் இருந்தால் போதும், எந்தப் பக்கத்தையும் படித்துவிடலாம்.

படி 2: ஏற்ற அகராதியைத் தேர்தல்

கைப்பேசிச் செயலிகளில் பெரும்பாலானவை தேடிய சொல்லை மட்டும் தனியே எடுத்துக் காட்டும். அக்கம்பக்கம் தெரியாது. எனவே இந்தப் பயிற்சிக்கு அச்சு அகராதி வேண்டும், அல்லது சொற்பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க இடம் தரும் செயலி வேண்டும். இன்னொன்றையும் கவனித்து வாங்குங்கள். மாணவர்க்கென்று செய்யப்படும் அகராதிகள் பலவற்றில் சொற்பிறப்புக் குறிப்பு இருக்காது. அந்தக் குறிப்பு ஒரே வரியாக இருந்தாலும் போதும், ஆனால் கட்டாயம் இருக்க வேண்டும். சொற்கள் உறவா அயலா என்று தீர்ப்புச் சொல்வது அந்த வரிதான்.

அகராதியை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை மனப்பாடம் செய்யும் எண்ணம் வேண்டாம். பெரிய ஆக்ஸ்ஃபர்டு அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தபோது அதில் ஏ முதல் ‘ஆன்ட்’ வரையிலான சொற்களே இருந்தன. முழு அகராதியும் முடிந்தது 1928இல். ஆக்கியவர்களுக்கே அத்தனை ஆண்டுகள் பிடித்த ஒன்றை வரிசையாக விழுங்க முயல்கிறவர் முதல் எழுத்திலேயே களைத்துவிடுவார். படிக்கும்போது எந்தச் சொல்லுக்காக அகராதியைத் திறக்கிறீர்களோ அந்தச் சொல்லையே வாசலாகக் கொண்டு, மேலே 5 சொற்கள், கீழே 5 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு பக்கத்தைக் காதால் படித்தல்

எர்னெஸ்ட் நின்ற அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஈ-ஏ-ஆர் என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் இந்த வரிசையில் நிற்கின்றன: இயர், இயரேக், எர்ல், எர்லி, இயர்மார்க், எர்ன், எர்னெஸ்ட், இயர்ரிங், இயர்ஷாட், எர்த், இயர்விக். ஆங்கில எழுத்தில் பார்க்கும்போது இவை அனைத்தும் காது என்ற சொல்லின் பிள்ளைகள்போலத் தோன்றும். தமிழில் ஒலித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுகின்றன. ‘இயர்’ என்று ஒலிப்பவை ஒரு கூட்டம். ‘எர்’ என்று ஒலிப்பவை மற்றொரு கூட்டம்.

‘இயர்’ கூட்டம் காதின் குடும்பம். இயரேக் என்றால் காதுவலி, இயர்ரிங் என்றால் காதணி, இயர்ஷாட் என்றால் காதுக்கு எட்டும் தொலைவு. இயர்விக் ஒரு சிறு பூச்சி. அது காதுக்குள் புகுந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையால் அப்பெயர் பெற்றது. இவற்றுள் நின்று கவனிக்க வேண்டியது இயர்மார்க். ஆடுமாடுகளின் காதை வெட்டி அடையாளம் இட்டு இன்னாருடையது என்று காட்டிய வழக்கத்திலிருந்து பிறந்த சொல் அது. இன்று ஒரு திட்டத்துக்கென்று நிதியைத் தனியே ஒதுக்கி வைப்பதற்கு வழங்குகிறது. காதில் வெட்டிய அடையாளத்தை ஒருமுறை மனக்கண்ணில் பார்த்துவிட்டவருக்கு ‘ஒதுக்கிவைத்தல்’ என்ற பொருள் மறக்காது.

‘எர்’ கூட்டம் முழுவதும் அயலார். எர்ல் என்பது பிரபுப் பட்டம். எர்லி என்பது ‘முன்னே’ என்ற பொருளுடைய ஒரு பழைய சொல்லிலிருந்து வந்தது. எர்ன் என்றால் சம்பாதித்தல். எர்த் என்றால் மண், புவி. காதுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. தங்களுக்குள்ளும் இவை ஒரே குடும்பம் அல்ல.

காதும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சோளம், கோதுமை போன்றவற்றின் கதிருக்கும் ஆங்கிலத்தில் இயர் என்றே பெயர். உருவத்தால் ஏற்பட்ட உவமைப் பெயர் என்று பலர் எண்ணுகிறார்கள், நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது பழைய ஆங்கிலத்திலேயே வேறாக இருந்த தனிச்சொல். ஒரே தலைச்சொல் எண் இடப்பட்டு இரண்டு முறை வந்தால், அவை பிறப்பால் வேறான சொற்கள் என்று அகராதி சொல்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: முன்னொட்டைக் கொண்டு உறவினரைத் திரட்டுதல்

இன்னும் வளமான பக்கம் ‘கேட்டா’ என்று தொடங்குவது. கேட்டக்ளிசம், கேட்டலாக், கேட்டலிஸ்ட், கேட்டமரான், கேட்டபுல்ட், கேட்டராக்ட், கேட்டார், கேட்டாஸ்ட்ரஃபி என்று அந்த வரிசை போகிறது. கிரேக்கத்தில் ‘கட்டா’ என்ற முன்னொட்டுக்குக் கீழ்நோக்கி என்பது அடிப்படைப் பொருள்; எதிராக, முழுவதுமாக என்ற நிழற்பொருள்களும் உண்டு. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.

கேட்டக்ளிசம், அலசி அடித்துக்கொண்டு போகும் பெருவெள்ளம், அதிலிருந்து பேரழிவு. கேட்டலாக், ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போகும் பட்டியல். கேட்டலிஸ்ட், வினையூக்கி, அவிழ்த்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. கேட்டபுல்ட், எதிரியை நோக்கிக் கல்லை வீசி எறியும் பொறி. கேட்டார், சளி கீழே ஒழுகுதல். கேட்டாஸ்ட்ரஃபி, தலைகீழாகப் புரண்டுபோதல். கிரேக்க நாடகத்தின் முடிவுத் திருப்பத்துக்கு வழங்கிய சொல்லே பேரிடருக்கு ஆயிற்று. கேட்டராக்ட் என்றவுடன் நமக்குக் கண்புரைதான் நினைவுக்கு வரும், ஆனால் நைல் ஆற்றின் கேட்டராக்ட் என்று படித்தால் அது நீர் பாய்ந்து விழும் பாறைப் பகுதி. இலத்தீனில் அதே சொல் கோட்டை வாயிலில் மேலிருந்து இறக்கும் தடுப்புக் கதவையும் குறித்தது. பார்வைக்குக் குறுக்கே திரை விழும் நோய்க்கு அந்தப் பொருளிலிருந்தே பெயர் வந்ததாகக் கொள்வார்கள்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். கேட்டலிஸ்டுக்கும் கேட்டபுல்டுக்கும் இடையே நிற்கும் கேட்டமரானில் கிரேக்க முன்னொட்டைத் தேடினால் கிடைக்காது. அது நம் கட்டுமரம். சோழமண்டலக் கடற்கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி மீனவர்கள் கடலுக்குப் போன அந்த மிதவையின் பெயரை 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் தம் மொழியில் எழுதிக்கொண்டார்கள். இன்று அச்சொல் இரண்டு உடல்கள் கொண்ட நவீனப் படகைக் குறிக்கிறது. கிரேக்கச் சொற்களின் நடுவே நம் சொல் இப்படி நிற்பதை முதன்முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மாணவர்களின் முகத்தில் பார்க்கிறேன். சொற்பிறப்பு வரியைப் படிக்காமல் முன்னொட்டை மட்டும் நம்பிப் பொருள் சொல்லக் கூடாது என்பதற்கும் இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அதே பக்கத்தில் இன்னும் சற்றுக் கீழே போனால் கேட்ச் அயலார், கேட்டகரி உறவினர், கேட்டர்பில்லர் அயலார். மயிருள்ள பூனை என்னும் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து கம்பளிப்பூச்சிக்கு அந்தப் பெயர் வந்திருக்கக்கூடும். கதீட்ரல், கேத்தோடு இரண்டும் உறவினர்தான். பின்னால் ஹகர ஒலி வந்ததால் முன்னொட்டின் முகம் சற்று மாறிவிட்டது.

படி 5: போலி முன்னொட்டை அடையாளம் காணுதல்

பெட்ரோல் ஏற்றிவரும் லாரிகளின் பின்புறம் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இன்’ என்றால் எதிர்மறை என்று பள்ளியில் படித்தவர்கள் இதற்கு எளிதில் தீப்பற்றாதது என்று பொருள் கொள்ள வாய்ப்பு உண்டு. அது உயிருக்கே ஆபத்தான பிழை. இலத்தீனில் ‘இன்’ என்ற முன்னொட்டு இரண்டு: ஒன்று இல்லை என்பது, மற்றொன்று உள்ளே என்பது. லாரியில் இருப்பது இரண்டாவது. தீ உள்ளே பற்றிக்கொள்ளும் என்பதே பொருள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே முன்னொட்டில்லாத ஃப்ளேமபிள் என்ற வடிவத்தை இப்போது எச்சரிக்கைப் பலகைகளில் கையாளுகிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

‘ஆன்டி’ வரிசையிலும் இத்தகைய பொறி ஒன்று இருக்கிறது. ஆன்டிபயாடிக், ஆன்டிபாடி, ஆன்டிடோட் ஆகியவற்றில் எதிர் என்னும் பொருள் தெளிவாக உண்டு. அவற்றுக்கு இடையில் நிற்கும் ஆன்டிசிபேட் என்பதில் எதிர்ப்பு எதுவும் இல்லை. ‘முன்’ என்னும் பொருளுடைய இலத்தீன் ‘ஆன்டே’ உருமாறி வந்து நிற்கிறது. முன்கூட்டியே பிடித்துக்கொள்ளுதல், அதாவது எதிர்பார்த்தல் என்பது அதன் பொருள். பழம்பொருளைக் குறிக்கும் ஆன்டீக் என்ற சொல்லும் அந்த ‘முன்’னிலிருந்து வந்ததே.

படி 6: இரட்டையரைப் பிரியும் எழுத்தில் பிடித்தல்

பிரின்சிபல் என்று தமிழில் எழுதினால் ஒரே சொல். ஆங்கிலத்தில் அது இரண்டு. முதல் ஏழு எழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே. எட்டாவது எழுத்தில் பிரிகின்றன. ஒன்று ஏ-எல் என்று முடியும், மற்றொன்று எல்-ஈ என்று முடியும். எல்-ஈ முடிவுடையது எப்போதும் பெயர்ச்சொல், நெறி அல்லது கொள்கை என்று பொருள்படும். ஏ-எல் முடிவுடையது முதன்மையான என்று பொருள்படும் பெயரடை. அதிலிருந்தே கல்லூரி முதல்வருக்கும் கடனின் அசலுக்கும் அது பெயராயிற்று. இதை நினைவில் வைக்கத் தமிழிலேயே ஒரு பிடி இருக்கிறது. ‘வட்டியும் முதலும்’ என்கிறோம், ‘முதல் இடம்’ என்கிறோம், ‘முதல்வர்’ என்கிறோம். இந்த மூன்று முதலும் ஏ-எல் பிரின்சிபல். கல்லூரி முதல்வருக்கு எழுதும் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே பலர் சறுக்கும் இடம் இது.

ஸ்டேஷனரியும் எட்டாவது எழுத்தில் பிரிவதுதான். ஏ வந்தால் அசையாமல் நிற்பது. ஈ வந்தால் எழுதுபொருள். இரண்டும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். வணிகர்கள் பலர் ஊர் ஊராகச் சென்று விற்ற இடைக்கால ஐரோப்பாவில், பல்கலைக்கழகங்களை ஒட்டி நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவருக்கு ஸ்டேஷனர் என்று பெயர். அவர் கடைப் பொருளே ஸ்டேஷனரி. கடைக்காரரின் பெயரும், காகிதத்தைக் குறிக்கும் பேப்பரும் ஈ-ஆர் என்று முடிவதைக் கவனித்தால் இனி தடுமாற்றம் வராது.

காம்ப்ளிமென்ட் இணை சற்று விலகி நிற்பது; ஆறாவது எழுத்திலேயே பிரிவதால் இடையில் பல சொற்கள் வந்துவிடும். ஆறாவது எழுத்து ஈ என்றால் நிறைவு செய்வது, கம்ப்ளீட் என்ற சொல்லில் உள்ள அதே ஈ. ஐ என்றால் பாராட்டு.

ஹியூமன், ஹியூமேன், அர்பன், அர்பேன், மோரல், மொரால் ஆகியவை இறுதியில் ஓர் ஈ சேர்வதால் பிரிபவை. மனித, மனிதநேயமுள்ள; நகர்ப்புற, நயநாகரிகமுள்ள; ஒழுக்கம் சார்ந்த, மனவுறுதி என்பன முறையே பொருள்கள். இங்கே காது உதவும். ஈ சேரும்போது அழுத்தம் பின்னசைக்குப் போய்விடுகிறது.

இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் இரட்டையரை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். பிரியும் எழுத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்.

படி 7: பின்னொட்டைத் ‘தக்க’ கொண்டு சோதித்தல்

ஒரே வேரில் பிறந்து, பின்னொட்டு மாறுவதால் பொருள் மாறும் சொற்கள் உண்டு. இவற்றுக்குத் தமிழ் இலக்கணம் நல்ல சோதனைக் கல். ‘ஏபிள்’ அல்லது ‘இபிள்’ என்று முடிந்தால் ‘தக்க’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘அஸ்’ அல்லது ‘ஃபுல்’ என்று முடிந்தால் ‘செய்கிற’ என்று பாருங்கள். கிரெடிபிள் என்றால் நம்பத்தக்க. கிரெடுலஸ் என்றால் எதையும் எளிதில் நம்பிவிடுகிற. கன்டெம்ப்டிபிள் என்றால் இகழத்தக்க. கன்டெம்ப்சுவஸ் என்றால் பிறரை இகழ்கிற. ரெஸ்பெக்டபிள் என்றால் மதிக்கத்தக்க. ரெஸ்பெக்ட்ஃபுல் என்றால் மதிப்புக் காட்டுகிற. மூன்றாவதாக நிற்கும் ரெஸ்பெக்டிவ் என்பதற்கு ‘அவரவர்க்குரிய’ என்று பொருள். கடிதத்தின் முடிவில் பணிவுடன் என்று எழுத எண்ணி அதன் வடிவத்தை இட்டுவிட்டால் ‘முறையே தங்கள்’ என்றாகிவிடும்.

சோதனை பலிக்காத இடமும் உண்டு. சென்சிபிள் என்றால் இன்றைய வழக்கில் விவேகமுள்ள என்பதே பொருள். மனம் எளிதில் நோகிறவரைச் சொல்ல சென்சிடிவ் வேண்டும். எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்த, எகனாமிகல் என்றால் சிக்கனமான. இண்டஸ்ட்ரியல் தொழில்துறை சார்ந்தது, இண்டஸ்ட்ரியஸ் கடும் உழைப்புடையது. இவற்றைச் சொற்றொடரோடு சேர்த்துத்தான் மனத்தில் பதிக்க வேண்டும்.

படி 8: எதைச் சேர்த்து, எதைப் பிரித்துப் படிப்பது

பலர் செய்யும் தவறு இங்கேதான். உறவினரைச் சேர்த்துப் படியுங்கள், இரட்டையரைப் பிரித்துப் படியுங்கள். கேட்டலாகையும் கேட்டாஸ்ட்ரஃபியையும் ஒரே நாளில் படித்தால் ஒன்று மற்றொன்றைத் தாங்கும். இரண்டு ஸ்டேஷனரிகளையும் ஒரே நாளில் புதிதாகப் படித்தால், எது எது என்ற ஐயம் நிரந்தரமாகத் தங்கிவிடும். முதலில் ஒன்றை, அன்றாடம் பயன்படும் ஒன்றை, சொந்த வாக்கியம் இரண்டோடு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, அது தயக்கமின்றி வரும்போது, மற்றதைத் தொடுங்கள்.

குறிப்பேட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு வரிசை என்று 11 சொற்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் உ, அ, இ என்று குறி இடுங்கள்: உறவு, அயல், இரட்டை. அகராதியைப் பார்க்காமல் முதலில் ஊகித்து இட்ட பிறகே சொற்பிறப்பு வரியோடு ஒப்பிட வேண்டும். ஊகம் தவறிய சொல்தான் நன்றாக நினைவில் நிற்கும் என்பது என் அனுபவம். ஒரு வரிசைக்கு 20 நிமிடம் போதும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் பொருள் பகுதியை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

பயிற்சிக்கு ஒரு வரிசை

பி-ஏ-என் என்று தொடங்கும் இவற்றுக்கு இப்போதே குறி இட்டுப் பாருங்கள்: பேன், பேனஸீயா, பேன்கேக், பேங்க்ரியாஸ், பேண்டல், பேண்டெமிக், பேண்டிமோனியம், பேனல், பேனிக், பேனரமா, பேன்சி, பேன்ட்ரி. ‘பேன்’ என்ற கிரேக்க முன்னொட்டுக்கு எல்லாம், முழுவதும் என்று பொருள்.

உறவினர் ஐவர். பேனஸீயா எல்லா நோய்க்குமான மருந்து, பேங்க்ரியாஸ், முழுவதும் தசை என்ற பொருளில் கணையத்துக்கு வந்த பெயர், பேண்டெமிக், மக்கள் அனைவரையும் தாக்கும் கொள்ளைநோய், பேனரமா, முழுக்காட்சி. ஐந்தாவதான பேண்டிமோனியம், 1667இல் வெளிவந்த தம் காவியத்தில் நரகத்தின் தலைநகருக்கு மில்டன் இட்ட பெயர். எல்லாப் பேய்களும் கூடும் இடம். இன்று பெருங்கூச்சலையும் குழப்பத்தையும் குறிக்கிறது.

மற்றவை அயலார். பேண்டல் என்பது நம் பந்தல். பேனிக், ஆட்டு மந்தைகளின் தெய்வமான பேன் ஏற்படுத்துவதாகக் கிரேக்கர் நம்பிய திடீர்ப் பீதி. அத்தெய்வத்தின் பெயர் முன்னொட்டைப்போல் ஒலித்தாலும் ‘எல்லாம்’ என்பதிலிருந்து வந்ததன்று. பேனல், துணித்துண்டைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து. பேன்சி என்ற பூ, நினைவு எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து. பேன் என்பது வாணலி போன்ற பாத்திரம், அதில் வார்ப்பது பேன்கேக். இவை இரண்டும் தமக்குள் உறவு. பேன்ட்ரி என்பதையும் இந்தப் பாத்திரத்தோடு சேர்க்கத் தோன்றும். ஆனால் அது ரொட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் ரொட்டி வைக்கும் அறையாக இருந்து, பிறகு உணவுப் பொருள்கள் அனைத்தையும் வைக்கும் அறையாயிற்று.